லுமாரிக்கு நூற்றுக்கு நூறு

ஒரு நாடு இன்னொரு நாட்டைக் கண்டு முறையாகப் பயப்பட வேண்டுமென்றால், அதற்கென்று நிறையப் பேர் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். எதிரியின் கப்பல்களை எண்ண வேண்டும். எதிரியின் நண்பர்களை எண்ண வேண்டும். தன்னுடைய நண்பர்கள் இன்னும் தன்னுடைய நண்பர்கள்தானா என்று மாதாமாதம் சரிபார்க்க வேண்டும். உள்ளூர்க்காரர்களை வைத்துச் செய்தால் அவர்களுக்கு நடுவில் அலுப்புத் தட்டிவிடுகிறது. சிலர் எதிரி நாட்டில் பெண் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு கடலின் இரண்டு கரைகளில் நாற்பது வருடமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு நாடுகள், 2006 வாக்கில் இந்த வேலையை ஐதராபாத்துக்கு அனுப்பிவிட்டன.

இரண்டும் ஒரே கம்பெனிக்கு அனுப்பின. தவறுதலாக அல்ல. சமபலா சொல்யூஷன்ஸ் என்ற அந்தக் கம்பெனிக்கு மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் மூன்று மாடிகள் இருந்தன. மூன்றாம் மாடி ஒரு நாட்டுக்கு, ஐந்தாம் மாடி மற்றதற்கு. நடுவே நாலாம் மாடியில் பொதுவாகக் கேண்டீனும் கூட்ட அறைகளும். வாடிக்கையாளரின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதால் மூன்றாம் மாடி நாட்டுக்குக் கோதாவரி என்றும், ஐந்தாம் மாடி நாட்டுக்குக் கிருஷ்ணா என்றும் பெயர். எதிரியும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறான் என்பது இரண்டு நாடுகளுக்கும் தெரியும். எதிரிக்கு நல்ல வேலை நடக்கும் இடத்தில் தனக்கும் நல்ல வேலை நடக்கும் என்று இரண்டுமே நம்பின.

ரகசியம் கண்டிப்பாகக் காக்கப்பட்டது. கோதாவரிக்காரர்களுக்கு நீல அட்டை, கிருஷ்ணாக்காரர்களுக்குப் பச்சை அட்டை. நீல அட்டையைக் காட்டினால் லிஃப்ட் ஐந்தில் நிற்காது. கேண்டீனில் சாப்பாடு, மழை இரண்டையும் பற்றி மட்டும் பேசலாம் என்று பலகை இருந்தது. முதலில் கிரிக்கெட்டும் அதில் இருந்தது. பேச்சு கடைசியில் நாடுகளிடம்தான் போய் முடிகிறது என்று எடுத்துவிட்டார்கள். இரண்டு அட்டையும் வைத்திருந்தவர் ஒருவர்தான். இரண்டு மாடிகளுக்கும் தலைவரான விஸ்வநாத். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். ஒன்றைக் கழுத்திலும் மற்றதைச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு, படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று மாற்றிக்கொள்வார். அந்த நேரத்தில் எதிரே வருபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது மரியாதை.

மூன்றாம் மாடியில் ஜன்னலை ஒட்டிய வரிசையில் சூசைராஜ் உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடிக்காரன், எம்.சி.ஏ. கோதாவரிக்கு நட்பு நாடுகள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்கொரு முறை நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பி, வரும் பதிலைப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அவன் வேலை. அதற்கு நம்பகக் குறியீடு என்று பெயர். பெரிய நாடுகள் பதிலே அனுப்புவதில்லை. பெரிய நாடுகள் என்பதால் அவற்றுக்கு எண்பது. ஒரு பாலைவன நாடு இரண்டு வருடமாகப் பண்டிகை வாழ்த்து மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு எழுபத்தைந்து. படிவம் போன அன்றைக்கே நாற்பது கேள்விக்கும் பதில் எழுதி, கீழே நன்றியும் எழுதி அனுப்பும் ஒரே நாடு லுமாரித் தீவு. அங்கே பாதுகாப்பு அமைச்சரே துறைமுக அதிகாரியும் ஆனதால் அவருக்கு ஓய்வு இருந்தது.

நாற்பதாவது கேள்வி: எங்களை விட்டு விலக எப்போதாவது நினைத்ததுண்டா? லுமாரியின் பதில் மாதாமாதம் ஒன்றேதான்: எங்கே போவது?

லுமாரி இரண்டு நாடுகளுக்கும் நடுக்கடலில் இருந்தது. ஒரு படகுத்துறை, ஓர் ஆஸ்பத்திரி, அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக ரோஸ்லின். ரோஸ்லின் சூசைராஜின் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தம்பி போன் செய்வான். அக்காவின் விடுதி அறையில் போன் இருந்தது.

"ஏல சூச, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா. அங்க எல்லாம் எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான் கெடக்கு. ரெண்டு போட்டு நிக்கும்னு சொன்னம்லா, காவலுக்குன்னு வந்த போட்டு. அதுல உள்ள பயலுவ தெனமும் வயித்துவலின்னு ஆஸ்பத்திரிக்கு வந்துருதானுவ. அவ்வளவுதான் இங்க யுத்தம்."

"பாஸ்போர்ட்டு?"

"ஒப்பந்தம் முடிஞ்சி ஏப்ரல்லதான் ஆஸ்பத்திரிக்காரவ குடுப்பாவளாம். அதுவரைக்கும் அவ்வொ பெட்டியிலதான் இருக்கும். செவ்வா வெள்ளி கப்பல் வருது, ஏறி வர ஆச இருக்கு, பாஸ்போர்ட்டு இல்லாம எங்கன ஏற?"

அது 2008 அக்டோபர். ஏப்ரலுக்கு ஆறு மாதம். கோதாவரி காவலுக்கு அனுப்பிய அந்த இரண்டு படகுகளும் அங்கே நிற்கும்வரை செவ்வாய், வெள்ளிக் கப்பல் வரும். கப்பல் வரும்வரை அக்கா வீடு வந்து சேர வழி இருக்கிறது. படகுகள் நிற்பதும் நிற்காததும் தான் போடும் மதிப்பெண்ணைப் பொறுத்தது என்பதைச் சூசைராஜ் அக்காவிடம் சொன்னதில்லை. சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

அந்த மாதம் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்துகொண்டிருந்தன. மாதாப்பூரில் ஒவ்வொரு கட்டடத்திலும் நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. மனிதவளப் பிரிவின் ரஷ்மி மூன்றாம் மாடியைக் கூட்டி உட்கார வைத்தாள். வீட்டில் தமிழ் கேட்டு, பள்ளியில் மற்றதெல்லாம் பேசி வளர்ந்தவள்.

"எல்லா எம்ப்ளாயீஸும் நல்லவங்கதான். பட் எல்லாருக்கும் ஏ கிரேடு குடுத்தா ஏ-க்கு மீனிங் என்ன? அதான் பெல் கர்வ். பத்து பர்சென்ட் கண்டிப்பா சி-ல இருக்கணும். நமக்கு அது ஃபேர்னா, நம்ம அலைஸுக்கு மட்டும் ஏன் அன்ஃபேர்? இந்த குவார்ட்டர்லேர்ந்து நட்பு நாடுகளுக்கும் பெல் கர்வ்."

விஸ்வநாத் எழுந்து கைதட்டினார். "ஹவ், கரெக்ட். பதினொரு ஃப்ரெண்ட்ஸ், பதினொண்ணும் பச்சைன்னு ரிப்போர்ட் போனா கிளையன்ட் என்னா நெனைப்பான்? இவனுங்க தூங்குறானுங்கன்னு நெனைப்பான். கொஞ்சம் சந்தேகம் காட்டணும் பா. சந்தேகம்தான் வேல்யூ."

சூசைராஜ் கையைத் தூக்கினான். "சார், பதினொண்ணுல பத்து சதவீதம்னா ஒண்ணு புள்ளி ஒண்ணு வருது."

இந்த மாதிரிக் கேள்விகளுக்கென்றே மூத்த ஆலோசகர் நாராயணஸ்வாமி இருந்தார். பெயர் சொல்லக் கூடாத ஒரு மத்திய பாதுகாப்பு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் 'பார்த்தேன்' என்று எழுதி ஓய்வுபெற்றவர். உப்பலிலிருந்து கம்பெனிக் காரில் வருவார். கண்ணை மூடி யோசித்தார்.

"ஒரு தேசத்தோட பத்துல ஒரு பங்கை மட்டும் எப்படிப்பா சந்தேகப்படறது? ரெண்டாப் போட்டுடு."

ஒன்று பாலைவன நாடு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இன்னொன்று யார் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சூசைராஜ் சொல்ல வேண்டும்.

அவன் மூன்று நாள் தூங்கவில்லை. ஒன்பது பெரிய நாடுகள், ஒரு சின்னத் தீவு. யாரைக் கீழே இறக்குவது என்று கேட்டால் யாருடைய விரலும் எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே யாராலும் கீழே இழுக்க முடியாத மதிப்பெண்ணை லுமாரிக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தான். நாற்பது பதில்களையும் இணைத்து, தாமதம் பூஜ்யம், புகார் பூஜ்யம் என்று காரணம் எழுதி, நூற்றுக்கு நூறு போட்டான். சி-யில் பாலைவனத்துக்குத் துணையாக, எண்ணெய் விற்கும் ஒரு பெரிய நாட்டை வைத்தான்.

வெள்ளிக்கிழமை நாராயணஸ்வாமி தாளைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நூறா?"

"ஆமா சார். எல்லாம் ஒழுங்கா இருக்கு."

"இத்தனை வருஷத்துல நூறு வாங்கின சிநேகிதனை நான் பார்த்ததில்லைப்பா. நம்ம தேசத்துக்கே நாம நூறு குடுக்க மாட்டோம். சொல்றேன் கேளு. ஒருத்தன் இவ்வளவு விசுவாசமா இருந்தா ரெண்டு காரணம்தான். ஒண்ணு, எதையோ மறைக்கறான். இல்லேன்னா, அவனுக்குப் போக்கிடம் இல்லை. இங்கே அவனே எழுதியிருக்கான் பார், எங்கே போவதுன்னு. போக்கிடம் இல்லாதவனைப் பிடிச்சு வச்சுக்கறதுக்கு ரெண்டு படகு எதுக்கு? அது விரயம் இல்லையோ? எண்ணெய்க்காரனை மேலே தூக்கு. அவன் போயிடுவான்னு பயம் இருக்கு. பயம் இருக்கற இடத்துலதான் மரியாதை வைக்கணும்."

லுமாரி சி-க்குப் போனது. விஸ்வநாத் சூசைராஜின் தோளைத் தட்டி, "நல்ல கேட்ச். நூறு போட்டதாலதான் கண்ணுல பட்டுச்சு," என்றார்.

நவம்பர் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் சொன்னாள்: "அந்தப் போட்டு ரெண்டயும் காணோம்ல. ராத்திரியோட போய்ட்டு. வயித்துவலிப் பயலுவ சொல்லிக்காமக்கூடப் போய்ட்டானுவ." அடுத்த ஞாயிறு சொன்னாள்: "வேற கொடி கட்டுன போட்டு ஒண்ணு தூரத்துல வந்து நின்னுச்சு. ரெண்டு மணி நேரம் சும்மா பாத்துக்கிட்டே நின்னுட்டுப் போச்சு. வெள்ளிக்கிழமக் கப்பலு வரல."

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் சூசைராஜோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவன் அப்துல் காதர். காயல்பட்டினத்துக்காரன், ஐந்தாம் மாடி, பச்சை அட்டை. எதிரி நாட்டு ஊழியர்கள் இருவர் ஒரே வீட்டில் குடியிருப்பது தெரிந்ததும் ரஷ்மி நேரில் வந்து பார்வையிட்டு, ஹாலுக்கு நடுவில் ஒரு திரை போடச் செய்திருந்தாள். சூசைராஜ் பக்கம் நீலம், அப்துல் பக்கம் பச்சை. சமையலறை பொது. குளியலறைக்கு நேரம் பிரித்துக் கொடுத்திருந்தாள். தகவல் கசியக் கூடாது என்று மாதம் ஒரு முறை ஆள் வந்து திரையில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போவான்.

அன்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து அப்துல் கேட்டான்.

"மச்சான், சாப்பிடாமப் படுத்துட்டியாக்கும்?"

"லேய், எங்கக்கா இருக்க ஊரு ஒங்க மாடியில எப்பிடி இருக்கு?"

அந்தப் பக்கம் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு திரை விலகியது. அப்துல் ரொட்டித் தட்டோடு வந்து நீலப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீங்க நூறு போட்டிய பாரு, அந்தத் திருத்தாத தாளுதான் மொதல்ல எங்களுக்கு வந்துது. எதிரியோட உயிர்த்தோழன், மொதல்ல அடிக்க வேண்டிய எடம்னு சேப்புல போட்டோம். அப்புறம் நீங்க சி போட்டிய. எதிரி கைவிட்ட எடம், நல்ல சந்தர்ப்பம்னு போட்டோம். அதுக்கும் சேப்புதான். எங்ககிட்ட வேற கலரு இல்ல மச்சான்."

"எங்க தாளு ஒங்களுக்கு எப்பிடிலே வருது?"

அது கிருஷ்ணா நாட்டின் பெருமைக்குரிய விஷயம். சூசைராஜ் அடிக்கும் எண் அடித்த உடனே மின்னஞ்சலில் கோதாவரியின் தலைநகருக்குப் போகும். அங்கே கிருஷ்ணாவின் உளவாளி ஒருவன் உயிரைப் பணயம் வைத்து அதைப் படமெடுத்து, ஒரு மீன் ஏற்றும் லாரியில் எல்லை கடத்தி, சங்கேதத்தை உடைத்து, தன் தலைநகரில் சேர்ப்பான். அங்கிருந்து அலசி ஆராய்வதற்காக ஐதராபாத்துக்கு அனுப்புவார்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு ஏற அந்த எண்ணுக்கு மூன்று வாரம் பிடித்தது.

"ஏத்துனாலும் அடி, எறக்குனாலும் அடி," என்றான் சூசைராஜ்.

"லிஸ்ட்டுல இருக்கதுதான் மச்சான் வென. கடல்ல எத்தன தீவு கெடக்கு. நம்ம ரெண்டு பேரு லிஸ்ட்டுலயும் இல்லாத ஊர்க்காரன் எல்லாம் நிம்மதியா மீன் புடிச்சித் திங்கான்."

இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கணிப்பொறியில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பிரச்சினை தீராவிட்டால் கடைசியில் கை போவது அழிக்கும் பொத்தானுக்குத்தான்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி மதியம், மூன்றாம் மாடியில் சூசைராஜ் லுமாரியின் வரிசையை அழித்தான். அதே நேரத்தில் ஐந்தாம் மாடியில் அப்துல் அழித்தான். கேண்டீனில் சந்தித்தபோது சூசைராஜ் "மழை விட்டுட்டு" என்றான். அப்துல் "ஆமா" என்றான். இருவரும் இரண்டு தட்டு பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அவர்கள் மறந்தது சுவரை. ஒவ்வொரு மாடியிலும் சுவர் முழுக்க ஒரு பெரிய திரையில் வரைபடம் இருந்தது. பட்டியலில் என்றுமே இல்லாத தீவுகளை யாரும் வரைந்ததில்லை. அவை கடலோடு கடலாக நீலமாகக் கிடந்தன. லுமாரியோ வரைந்து வண்ணம் பூசப்பட்ட தீவு. வண்ணம் தரும் வரிசை போனதும் அது வெள்ளையாகிவிட்டது. நீலக் கடலின் நடுவே, துணியில் சுண்ணாம்பு தெறித்ததுபோல.

மூன்றாம் மாடியில் நாராயணஸ்வாமிதான் முதலில் பார்த்தார். திரைக்கு அருகே போய், வெகுநேரம் நின்றார்.

"விஸ்வநாத், இது என்ன?"

"வெள்ளை சார்."

"வெள்ளைன்னா?"

"யாருதுமே இல்லைன்னு அர்த்தம்."

நாராயணஸ்வாமியின் முகத்தில் முப்பத்தைந்து வருடக் கோப்புகளில் வராத களை வந்தது. ஊழியர்களைத் திரைக்கு முன் வரச் சொன்னார்.

"எல்லாரும் பாத்துக்கோங்கோ. இதுக்குப் பேர் வெற்றிடம். சர்வீஸ்ல இருந்தவரைக்கும் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். தராசு சமமா நின்னுட்டா கடைக்காரனுக்கு என்ன வேலை? ரெண்டு தட்டுக்கும் நடுவுல இப்படி ஒண்ணு விழணும். யுத்தம் வரணும்னு நாம யாரும் சொல்லலை. வந்துட்டா நம்ம காரியம் முடிஞ்சுடும். வரவே வராதுன்னு தெரிஞ்சுட்டாலும் முடிஞ்சுடும். வந்துண்டே இருக்கணும். அதுதான் சமாதானம். இது யாரோ போட்ட திட்டம். எதிராளி ரொம்ப நாளா யோசிச்சுப் பண்ணியிருக்கான்."

விஸ்வநாத் படிக்கட்டுக்கு ஓடி, அட்டையை மாற்றிக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனார். அங்கேயும் வெள்ளை. அங்கேயும் எதிராளி திட்டமிட்டுச் செய்ததாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை ஒப்புக்கொண்டார். மாலைக்குள் இரண்டு மாடிகளிலிருந்தும் இரண்டு தலைநகரங்களுக்கு அறிக்கை போனது. இரண்டின் கடைசி வரியும் ஒன்றுதான், ஏனெனில் இரண்டையும் விஸ்வநாத்தான் எழுதினார்: யார் முதலில் போவது?

மறுநாள் காலையில் சூசைராஜ் வரிசையைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தான். முடியவில்லை. பதினாறாம் தேதியிலிருந்து காலாண்டு முடியும்வரை யாரும் எதையும் திருத்தக் கூடாது என்று கணினி பூட்டப்பட்டிருந்தது. விண்ணப்பம் போட்டான். ஜனவரி இரண்டாம் வாரம் குழு கூடிப் பரிசீலிக்கும் என்று பதில் வந்தது. அவன் விஸ்வநாத்தின் அறைக்குப் போனான். உள்ளே நாராயணஸ்வாமியும் ரஷ்மியும் இருந்தார்கள்.

"சார், எதிராளி யாரும் பண்ணல. நான்தான் அழிச்சேன்."

விஸ்வநாத் எழுந்து கதவைச் சாத்தினார். "இப்போ சொல்லாத பா. ஜனவரில தவறு ஆராய்ச்சி மீட்டிங் வரும், அதுல சொல்லு. இப்போ ரெண்டு கிளையன்ட்டும் ஆளு ஜாஸ்தி போடுங்கன்னு கேக்குறான். நாப்பது பேரை வெளிய அனுப்பலாம்னு லிஸ்ட் இருந்துச்சு, அது கேன்சல். நாப்பது குடும்பம். நீதான் காப்பாத்தின. டென்ஷன் நக்கோ, கவலையே வேணாம்."

"சார், எங்கக்கா அங்க இருக்கு. லுமாரியில. நர்ஸு."

 முதலில் பேசியவள் ரஷ்மி. அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"சூசை, ஃபேமிலி மெம்பர் அங்க இருந்தா ஒரு டிக்ளரேஷன் ஃபார்ம் ஃபில் பண்ணணும் இல்ல? ஜாயின் பண்ணப்பவே குடுத்தோமே."

நாராயணஸ்வாமி கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "ஃபாரம் கிடக்கட்டும்மா. ஏம்ப்பா, உங்கக்காவோட நீ பேசறதுண்டா?"

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு சார்."

"வாராவாரமா?" நாராயணஸ்வாமி விஸ்வநாத்தைப் பார்த்தார். விஸ்வநாத் நாராயணஸ்வாமியைப் பார்த்தார். "அடடா. இத்தனை நாள் நாற்பது கேள்வியை வச்சுண்டு தடவிண்டிருந்தோமே."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சூசைராஜ் நாலாம் மாடிக் கூட்ட அறையில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தான். மேசை நடுவிலிருந்த ஒலிபெருக்கிப் போனில் ரோஸ்லினின் குரல் அறை முழுக்க ஒலித்தது. நாராயணஸ்வாமி குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். விஸ்வநாத் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"ஏல, ஏன் கொரலு கெணத்துக்குள்ள இருந்து வாற மாரி இருக்கு?"

"போனு அப்பிடிக்கா. நீ எப்பிடி இருக்க?"

"இருக்கேன். இப்ப ரெண்டு பக்கமும் போட்டு நிக்கி. மேக்க ஆறு, கெழக்க அஞ்சு. ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டே நிக்கானுவ. செவ்வாக் கப்பலும் நின்னுட்டு."

நாராயணஸ்வாமி ஆறு, ஐந்து என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"நேத்து மேக்க நிக்கவன்ட்ட இருந்து ஒரு ஆபீசரு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. மருவாதியாத்தான் பேசுனாரு. எரநூறு கட்டிலு வேணும், ஒதுக்கி வைங்கன்னாரு. சாய்ங்காலம் கெழக்க நிக்கவன்ட்ட இருந்து ஒருத்தரு. அவரும் எரநூறு. எங்ககிட்ட இருக்கதே அறுவதுதான். டாக்டரு ரெண்டு பேருக்கும் சரின்னுட்டாரு. பள்ளிக்கூடத்துப் பெஞ்செல்லாம் தூக்கிட்டு வந்து சேத்துப் போட்டு, பொம்பளைய எல்லாரும் உக்காந்து மெத்த தைக்கோம். படுக்க ஆளு இன்னும் வரல. யாரு வருவான்னும் தெரியல. கட்டிலு மட்டும் விரிச்சிக் கெடக்கு."

நாராயணஸ்வாமி அறுபது என்றும் எழுதிக்கொண்டார்.

"ஏல, நீ கம்ப்யூட்டர்ல இந்த மாரி நாட்டு விவகாரந்தான பாக்க. இது எப்ப முடியும்னு ஒனக்கு எதும் தெரியுமா?"

நாராயணஸ்வாமி ஒரு துண்டுத் தாளை அவன் பக்கம் தள்ளினார். ரத்தம் எத்தனை பாட்டில் இருக்கு, கேளு, என்று எழுதியிருந்தது.

"தெரியாதுக்கா," என்று சொல்லி சூசைராஜ் போனை வைத்தான்.

நாராயணஸ்வாமிக்குக் கோபம் வரவில்லை. "பரவாயில்லை. பாசம் இருக்கத்தான் செய்யும். அடுத்த வாரம் கேட்டுக்கலாம்," என்று குறிப்பேட்டை மூடினார். அதே அறையை அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு இப்போதே பதிவு செய்துவிடும்படி விஸ்வநாத் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே கதவுக்குப் பக்கத்தில் அறைப் பதிவு ஒட்டியிருந்தது. சூசைராஜ் அடுத்த ஞாயிறின் நாலு மணிக் கட்டத்தைத் தேடினான். அதற்கு மேலே, மூன்றரை மணிக் கட்டத்தில், பச்சை மையில் ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. ஐந்தாம் மாடி. நோக்கம்: லுமாரி நர்ஸ். அதன் பக்கத்தில் அக்காவின் அறைப் போன் எண். ஒப்புதல் கையெழுத்து விஸ்வநாத்துடையது.

சனிக்கிழமை காலையில் அவன் காலனியின் ஏழாம் ரோட்டில் இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"எக்கா, நாளைக்கு எவன் போன் பண்ணாலும் எடுக்காத. ஆஸ்பத்திரி விசயம் எவன் கேட்டாலும் சொல்லாத."

"நீ பண்ணுனா?"

"நான் பண்ணாலும் எடுக்காத."

மறுமுனையில் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

"என்னல, அக்கா மேல கோவமா?"

"இல்லக்கா."

"எத்தன நாளைக்கு?"

"நானே சொல்லுதேன்." எப்படிச் சொல்வது என்பதை அவன் யோசித்திருக்கவில்லை.

"சரி," என்றாள் ரோஸ்லின். "நேரத்துக்குச் சாப்பிடு."

ஞாயிறு மூன்றரைக்கு ஐந்தாம் மாடிக்காரர்கள் அழைத்துப் பார்த்துவிட்டு, மூன்றே முக்காலுக்கு அறையைக் காலி செய்தார்கள். அப்துல் காதர் கடைசியாக வெளியே வந்தான். சூசைராஜைப் பார்த்து ஒரே ஒரு முறை கண்ணை மூடித் திறந்தான். நாலு மணிக்கு மூன்றாம் மாடி உள்ளே போனது. சூசைராஜ் எண்ணை அழுத்தினான். மேசை நடுவில் மணி அடிக்கத் தொடங்கியது. பத்து, பதினைந்து. நாராயணஸ்வாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"எடுக்கலையோ?"

"எடுக்கல சார்."

"இன்னொரு தரம் அடி."

இன்னொரு தரம் அடித்தான்.  மணிச் சத்தம் நின்றதும் நாராயணஸ்வாமி பேனா மூடியைத் திறந்தார்.

"எடுக்கற நிலைமையில அங்கே யாரும் இல்லைன்னு போட்டுக்கோ. ரெண்டு தரம் முயற்சி பண்ணோம்னும் போடு."

"கிளையன்ட்டுக்கு இப்போவே சொல்லிடவா சார்?" என்றார் விஸ்வநாத், இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு.

"சொல்லிடு. இதுக்கு மேல அவா பொறுக்கப்படாது."

விஸ்வநாத் எழுந்து போனார். படிக்கட்டில் அவர் காலடி முதலில் கீழே இறங்கியது, பிறகு மேலே ஏறியது. சூசைராஜ் மேசையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அக்கா அந்த அறையில், போனுக்குப் பக்கத்தில்தான், கையை மடியில் வைத்துக்கொண்டு மணியை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தான். நாராயணஸ்வாமி உடனே குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, பேனாவை ஓங்கியபடி காத்திருந்தார்.